ஒரிஜினல் மண்டோரின் ஊசி

விதையில்லாத தர்பூசணியை நிறுத்திவைத்துக் குறுக்கு விசாரணை செய்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் மலேசியாவில் எங்கள் லாபு ரப்பர்த் தோட்டத்தில் இருப்பவர். அடையாள அட்டையில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. கிளினிக்கின் மருந்துக் கவுண்டரில் இருந்து நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. "ஒரிஜினல் மண்டோரு!" என்றால்தான் எழுந்து வருவார்.

எதைக் கண்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இது ஒரிஜினலா?" லிங்கி ஊரில் ஒரு கல்யாணத்தில், ஆசீர்வாதம் செய்ய மேடையேறியவர் மாப்பிள்ளையின் கையைத் திருப்பிக் கடிகாரத்தின் முதுகைப் பார்த்தார். என்னை முதன்முதலில் சந்தித்தபோது என் தலையை இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "கறுப்பு ஒரிஜினல் இல்ல, சரிதானே தம்பி?" என்றார். மருந்து வாங்க வரிசையில் நின்ற பதினைந்து பேரும் என் மண்டையைப் பார்த்தார்கள். மண்டையில் மை காய்ந்து ஒரு நாள்கூட ஆகியிருக்கவில்லை.

வேலையில் இருந்த காலத்தில் அவர் நாற்றுப் பண்ணை மண்டோர், அதாவது மேற்பார்வையாளர். கித்தா என்கிற ரப்பர்க் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுவதில் மன்னர். ஓய்வு பெற்ற பிறகு மகள் ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்தாள். அதில்தான் வினை வந்தது. ஜீன் மாற்றிய உணவைப் பற்றி யாரோ அனுப்பிய காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டார். மறுநாளே காலைச் சந்தைக்குப் போய், தர்பூசணி விற்கும் சீன முதலாளியான தௌக்கேயிடம் ஆரம்பித்தார்.

"தௌக்கே, இதுக்கு ஏன் விதை இல்ல? என்னத்த மாத்தினானுங்க?"

"மண்டோர், மாவு பெலி கா, தாக் மாவு?" வாங்குகிறாயா இல்லையா என்று தௌக்கே மலாயில் கேட்டார்.

"விதை இல்லாதவன் வம்சம் இல்லாதவன். இவன் எங்க இருந்து வந்தான், அதைச் சொல்லு லா."

தௌக்கே சொல்லவில்லை. மண்டோர் வாங்கவில்லை. விதையில்லாத தர்பூசணியில் யாரும் வேறு உயிரின் ஜீனை வைக்கவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. அப்போது எனக்கும் தெரியாது என்பதை இங்கே அடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

அதன்பின் வீட்டில் சோயாவில் செய்த தவ்ஹு நின்றது, சோளம் நின்றது, தக்காளி நின்றது.

"தக்காளிக்குள்ள மீனோட ஜீன வெச்சிருக்கானாம் தம்பி. தின்னா நமக்குச் செவுள் முளைக்கும்."

"இத்தன வருஷமா ஆட்டுக்கறி தின்றீங்களே மண்டோரு, கொம்பா முளைச்சிருக்கு?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி மண்டோரம்மா முந்திக்கொண்டார். "அது எப்பவோ முளைச்சாச்சு. முட்டு வாங்கறவளுக்குத்தான் தெரியும்."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய சர்க்கரை நோய், எங்கள் பேச்சில் இனிப்புநீர், எல்லை தாண்டியது. மாத்திரைக்கு அடங்கவில்லை. டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்தார். சீட்டு என் கவுண்டருக்கு வந்தது. மண்டோர் சின்னச் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"தம்பி, இது எதுல செய்றது?"

"குளிர்பெட்டியில வைங்க, சாப்பாட்டுக்கு முன்னால போடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் முதல்நாள்தான் நான் அதைப் பற்றி ஒரு கையேடு படித்திருந்தேன். வருடத்துக்கு ஒரு முறை படிப்பவனுக்கு அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

"அந்தக் காலத்துல பன்னி, மாடு இதுங்களோட கணையத்துல இருந்து எடுத்தாங்க மண்டோரு. இப்ப அப்படி இல்ல. மனுஷனோட ஜீன கிருமிக்குள்ள வெச்சு, அந்தக் கிருமிய விட்டுச் செய்றாங்க!"

பன்றி என்றதும் ஒரு அடி பின்னால் போனார். மாடு என்றதும் இன்னொரு அடி. கிருமி என்றதும் சீசாவைக் கவுண்டரில் வைத்துவிட்டு வாசலுக்கே போய்விட்டார். மண்டோரம்மா அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்.

இரண்டு மாதம் கழித்து மண்டோரம்மா மட்டும் வந்தார். முகத்தில் வழக்கமான குறும்பு இல்லை.

"ஊசியே போடல தம்பி. காட்டுப் பக்கம் போனவருக்குச் செம்பனை முள்ளு கால் கட்டவிரல்ல குத்திருச்சு. ஆறவே மாட்டேங்குது, கறுக்குது. இப்படியே போனா விரல எடுக்கணும், அப்புறம் பாதம்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவரு என்னான்னா, 'கால் போனாலும் ஒரிஜினலாவே போறேன்'ங்கிறாரு."

அன்று மருந்து கொடுத்தபோது எத்தனை பேருக்கு மாற்றிக் கொடுத்தேனோ தெரியாது. நல்லவேளை, யாரும் புகார் செய்யவில்லை. என் வாய்தான் அந்த விரலில் முள்ளைவிட ஆழமாக இறங்கியிருந்தது. வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை நேரே லாபுவுக்கு விட்டேன்.

மண்டோர் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விரலில் துணி சுற்றியிருந்தது.

"கிருமிக்கு ஆள் புடிக்க வந்தியா?"

"இல்ல மண்டோரு, ஒரு சந்தேகம். கித்தாக் கன்னுக்கு ஒட்டு எப்படிக் கட்டுவீங்க?"

கேட்ட உடனே கால்வலி பறந்துவிட்டது. "காட்டுக் கன்னுல பட்டையக் கீறி, நல்ல மரத்து மொட்ட உள்ள வெச்சுக் கட்டணும். மொட்டு புடிச்சதும் பழைய தலைய வெட்டிரணும்."

"அப்ப வேர் ஒருத்தன், மரம் ஒருத்தன்."

"ஆமா. ரெண்டு பேரும் ஒரே லயத்து வீட்டுல குடியிருக்கானுங்க, சமையல் தனித்தனி."

"எண்ணெய் எடுக்கிற செம்பனையில ரெண்டு ரகத்தச் சேக்கறாங்களே?"

"அது கல்யாணம் லா. பொண்ணும் பனை, மாப்பிள்ளையும் பனை."

"ஜீன் மாத்தறது இந்த ரெண்டும் இல்ல மண்டோரு. ஒவ்வொரு உயிருக்குள்ளயும் ஒரு சமையல் புஸ்தகம் இருக்குன்னு வைங்க. சொந்தபந்தமே இல்லாத ஒரு வீட்டுப் புஸ்தகத்துல இருந்து ஒரே ஒரு பக்கத்தப் படியெடுத்து, இந்த வீட்டுப் புஸ்தகத்துல தெச்சு வெச்சிர்றாங்க. அப்புறம் இந்த வீட்டு அடுப்புலயும் அந்தக் குழம்பு வேகும். இதோட புள்ளகுட்டிங்களுக்கும் அந்தப் பக்கத்தோடயே புஸ்தகம் போகும்."

மண்டோர் யோசித்தார். "அப்ப அந்தக் கிருமிக்கு மனுஷ மூஞ்சி இருக்குமா?"

"ஒரு பக்கம்தானே? ஊறுகாய்க் குறிப்பு வந்துட்டா வீடே மாறிருமா? மனுஷ இன்சுலின் மட்டும் செய்யத் தெரியும். மத்ததெல்லாம் கிருமியேதான்."

"சீசாவுக்குள்ள அவன் இருக்கானா?"

"இல்ல. அவன் செஞ்சத மட்டும் பிரிச்சுச் சுத்தம் பண்ணி அடைக்கிறாங்க."

இப்போது அவர் என்னை நோக்கி நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். அடுத்த கேள்வி எதுவென்று எனக்கும் தெரியும், உள்ளே கதவோரம் நின்ற மண்டோரம்மாவுக்கும் தெரியும்.

"அது ஒரிஜினலா?"

"மாத்தினது கிருமியத்தான் மண்டோரு. இந்தச் சீசாவுல இருக்கிற சரக்கு, மனுஷன் உடம்பு செய்றதுக்கு அச்சு அசல் அதே சரக்கு. ஒரிஜினல்."

மண்டோர் துணியை மெல்ல விலக்கினார். கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்கும் இனிப்புநீரா?"

"யாருக்கு?"

"கிருமிக்கு."

"இல்ல மண்டோரு. இன்சுலினால அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல."

"அப்ப நமக்காக ஓவர்டைம் பாக்கறான்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "மண்டோரம்மா, ஊசியக் கொண்டா."

முதல் ஊசியை அவரே போட்டுக்கொண்டார். முப்பது வருடம் ஒட்டுக் கத்தி பிடித்த கை, நடுங்கவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தலை சுற்றியது. மண்டோரம்மா எனக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார்.

சர்க்கரை இறங்கியது. டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து, மருந்து கொடுத்து, வாராவாரம் கட்டு மாற்றினார். நகம் போனது, விரல் நின்றது.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். எனக்கு முன்னால் அர்ச்சனைத் தட்டோடு மண்டோர் நின்றார்.

"யார் பேருக்கு?" என்றார் பூசாரி.

"கிருமி பேருக்கு."

பூசாரி தட்டைக் கீழே வைத்தார். "எந்தக் கிருமி?"

"இன்சுலின் செய்ற கிருமி. வருஷம் முச்சூடும் வேலை செய்யுது, லீவு கிடையாது. அதுக்குன்னு யாரு இருக்கா?"

"சரி, ராசி நட்சத்திரம்?"

மண்டோர் திரும்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அது எப்பப் பொறந்துச்சு?"

"நல்லாத் தீனி கிடைச்சா இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒண்ணு ரெண்டாப் பிரியும் மண்டோரு."

பூசாரி கண்ணை மூடி ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "பஞ்சாங்கம் தாங்காது. வேற ஏதாவது வழி சொல்லுங்க" என்றார்.

"அப்ப இந்தத் தம்பி நட்சத்திரத்தையே வெச்சிக்கலாம். இவன்தானே அதை எனக்கு அறிமுகம் பண்ணினான்."

"சுவாதி, துலாம்" என்றார் பூசாரி, என்னைக் கேட்காமலே.

நான் திகைத்தேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம? புண்ணு ஆறின நாள்ல இருந்து வெள்ளிக்கிழமை தவறாம உங்க பேருக்கு ஒண்ணு செய்றாரே. உங்க அம்மாகிட்டப் போய்க் கேட்டுட்டு வந்தாராம்."

மண்டோர் காது கேளாதவர்போல அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றார். மணி அடித்தது. நானும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் லீவு போடுவதில் பெயர் போனவன். ஆனால் மாதத்தில் எந்த நாள் போட்டாலும், அவர் மருந்துக்கு வருகிற நாளில் மட்டும் இன்றுவரை போட்டதில்லை.