எண்ணெய் எலிகளின் ஒழுங்கீனம்

உலகில் அமைதி நிலவ வேண்டும் என்று எங்கள் ஆய்வகத் தலைவரைப் போலத் தொண்டை கிழியக் கத்தியவர் எவருமில்லை. அங்கே இருபது எலிகளுக்குத் தீனி போடும் பொறுப்பில் இருப்பவன் நான். ஆகவே இதை அதிகாரபூர்வமாகவே சொல்லலாம்.

ஆராய்ச்சி மகத்தானது. மூளை தனக்குத் தானே ஒருவகை ஸ்டீராய்டு தயாரித்துக்கொள்கிறதாம். நரம்புகளை 'சும்மா இரு' என்று அடக்கும் ஏற்பிகளில் அது ஒட்டிக்கொண்டு, அந்த அடக்கும் வேலையை இன்னும் பலமாக்குகிறதாம். படபடப்பு தணிந்துவிடும். இதை நிரூபித்தால்தான் மூன்று வருடமாக உழைக்கும் ஆய்வு மாணவிக்குப் பட்டம்.

பத்து எலிகளுக்கு அந்த ஸ்டீராய்டு ஊசி, பத்துக்கு வெறும் எண்ணெய். பயந்த எலி கால் வைக்காத, உயரத்தில் சுவரில்லாமல் நீளும் பலகையில் ஸ்டீராய்டு எலிகள் ஜம்மென்று உலாப் போயின. எண்ணெய் எலிகள் சுவர் உள்ள மூலையில் ஒடுங்கின. மாணவி அன்று எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தாள்.

மறுபரிசோதனையில் எண்ணெய் எலிகளும் உலாப் போய்விட்டன. வித்தியாசமே இல்லை. 'மன அமைதி மாநாடு' முடிந்து வெளியூரிலிருந்து திரும்பிய தலைவர் அவசரக் கூட்டம் போட்டார்.

"எண்ணெய் எலிக்கு எங்கேர்ந்து வந்துச்சு இந்தத் தைரியம்?"

"தெரியல சார்," என்றாள் மாணவி. அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"மெமோ குடுத்தாச்சா?"

"எலிக்கா சார்?"

"பொறுப்புல இருக்கிறவருக்கு."

எலிகளைத் தைரியம் கொள்ள 'அனுமதித்த' குற்றத்துக்கு மெமோவைப் பணிவோடு பெற்றுக்கொண்டேன்.

தலைவர் நேரில் ஆய்வு செய்ய எலி அறைக்குள் நுழைந்தார். எண்ணெய் எலிகள் பத்தும் ஒரே மூலையில் குவிந்தன. ஸ்டீராய்டு எலிகள் அவரைச் சட்டை செய்யவே இல்லை.

"பாத்தீங்களா? நான் இருந்தாத்தான் இங்க ஒழுங்கா வேலை நடக்குது."

அவர் போனதும் மாணவி நோட்டைப் புரட்டினாள்.

"அண்ணே, முதல் தடவை சார் இங்கதான் இருந்தாரு. போன தடவை ஊர்ல இல்ல."

"ஆமாம்மா. அந்த வாரம் எனக்கே பிரஷர் குறைஞ்சிருந்துச்சு."

"அப்போ என் ஆராய்ச்சி தப்பில்ல," என்றாள். இந்த முறை அழுதே விட்டாள், சந்தோஷத்தில்.

பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் தலைவரை 'ஆலோசனை வழங்க' எலி அறைக்கு அழைத்தாள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. முடிவு பத்து முறையும் பிசகவில்லை.

மாணவி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் தன் பெயரைப் பார்த்ததும் தலைவர் கையெழுத்திட்டார். பெயருக்குக் கீழே எதையும் படிக்காத அவருடைய பெருந்தன்மை போற்றத்தக்கது. அங்கே 'பயன்படுத்திய கருவிகள்' என்ற பகுதியில் தராசு, பலகை, கேமரா, தலைவர் என்று இருந்தது.

கட்டுரையை அனுப்பிய ஆய்வுப் பத்திரிகையிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: நான்காவது கருவி மற்ற ஆய்வகங்களுக்குக் கிடைக்குமா?

மாணவி பதில் எழுதினாள்: "தனியாக வாங்க வேண்டாம். உங்கள் அலுவலகத்திலேயே ஒன்று இருக்கும்."