உங்கள் மூட்டையைப் பிரிக்காத காரணம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் மகளும் நலம். அங்கே தாங்களும், தங்கள் மனைவி மக்களும், தங்கள் கிடங்கும் தராசும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நேரில் உங்களை 'வாடா மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவேன். இது கொள்முதல் சம்பந்தப்பட்ட கடிதம் என்பதால் 'தாங்கள்' போட்டிருக்கிறேன். படிக்கும்போது சிரிக்கக் கூடாது.

தாங்கள் அன்போடு அனுப்பிய வேர்க்கடலை மூட்டையைப் பற்றி அத்தான் வாயே திறக்கவில்லையே என்று அக்காவிடம் வருத்தப்பட்டீர்களாம். மாலையானால் அவள் அடுப்படியில் நின்றுகொண்டு உங்களோடு போனில் பேசுகிறாள். பால் பொங்கினாலும் பேச்சு நிற்பதில்லை. அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் மூட்டை விஷயத்தில் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

உங்கள் அக்கா மகள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, வேர்க்கடலையை வறுத்து வெண்ணெய் போல அரைத்து, கண்ணாடி பாட்டிலில் அடைத்து விற்கிறாள் என்பது தங்களுக்குத் தெரியும். அடுப்படியில் ஆரம்பித்தது இப்போது கார் கழுவும் இடத்துக்குப் பின்னால் ஒரு வாடகை ஷெட்டில் நடக்கிறது. மெஷின் ஓடும்போது கத்திப் பேசுகிறோம், நின்ற பிறகும் கத்தியே பேசுகிறோம். இந்த நிலையில் ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கடையில், சாம்பிள் கொண்டு வாருங்கள், பிடித்தால் எல்லாக் கிளையிலும் வைக்கிறோம், ஆனால் மாதாமாதம் ருசி மாறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சொல்லிவைத்தாற்போல, இதுவரை கடலை தந்துகொண்டிருந்த வியாபாரி கடையை மூடிவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார். மூட்டை மூட்டையாக, ஒரே தரத்தில், தவறாமல் தருகிற ஆள் கிடைக்காவிட்டால் ஷெட்டைக் காலி செய்துவிட்டு மறுபடி வேலை தேடுவேன் என்று மகள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். அவள் சாதாரணமாகச் சொன்னால்தான் எனக்குப் பயம். "அப்பா, கடலைக்கு ஆள் பாக்கறத நீங்களே எடுத்துக்கங்க. வாழ்நாள் பூரா சாமான் வாங்கினவர் நீங்கதானே" என்றாள். ஓய்வு பெற்ற பிறகு என்னை நம்பி யாரும் ஒரு பொறுப்பையும் கொடுத்ததில்லை. கண் கலங்கிவிட்டது. வெங்காயம் நறுக்கினேன் என்று சமாளித்தேன். வீட்டில் அன்றைக்கு வெங்காயமே இல்லை.

பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்த்தவரை ஒரு திருகாணி வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன் இல்லாமல் நான் வாங்கியதில்லை. சொந்தக்காரன் சரக்கு என்றால் தொட்டும் பார்த்ததில்லை. ஆகவே தங்கள் மூட்டை வந்து இறங்கிய அன்றே அதன் வாய்க்கட்டின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை இல்லாத குறைக்கு என் சட்டைப் பொத்தானை அதில் அழுத்தி, பரண்மேல் ஏற்றிவிட்டேன். தங்கள் கடலை மட்டம் என்று அர்த்தமில்லை. நாளைக்கே அதில் ஒரு சொத்தை வந்தால் நான் தங்களோடு சண்டை போட வேண்டும், நான் சண்டை போட்டால் உங்கள் அக்கா என்னோடு சண்டை போடுவாள், அப்புறம் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஆள் தேடிக் கிளம்பினேன். முதலாமவர் அலுவலகத்தில் போட்டிருந்த ஏசிக்கு எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. கண்ணாடிக் கிண்ணத்தில் கடலையை நகை மாதிரி வைத்திருந்தார். கிடங்கைப் பார்க்கலாமா என்றேன். "அதுக்கென்ன சார், படம் காட்டறேனே" என்று சுவரில் படம் ஓட்டினார். படத்தில் கிடங்கு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாமவருக்கு நான் வைத்த பெயர் ஆமாம்சாமி. ஈரம் இருக்காதே என்றால் இருக்காது சார். லேப் ரிப்போர்ட் தருவீர்களா என்றால் தர்றேன் சார். சந்தேகம் வந்து, "நாங்க லாரி அனுப்பற அன்னிக்கு மழை வரக் கூடாதே" என்றேன். "வராது சார், நான் பாத்துக்கறேன்" என்றார். மூன்றாவது ஒரு கறாரான அம்மாள். நான் அவரைச் சோதிக்கப் போனால் அவர் என்னைச் சோதித்தார். கிடங்கு துடைத்துவிட்டாற்போல இருந்தது, மூட்டைகள் தரையில் படாமல் பலகைமேல் இருந்தன, கேட்பதற்கு முன்பே லேப் ரிப்போர்ட்டை நீட்டினார். நம்முடைய தேவை எவ்வளவு என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்க ஆர்டர ஏத்தறதுக்கு என் லாரியே கூச்சப்படுமே சார்" என்றார். ஆனாலும் சாம்பிள் கொடுத்தார்.

மூன்று சாம்பிளையும் ஒரே மாதிரி டின்களில் கொட்டி, மூடியில் எண் மட்டும் ஒட்டினேன். எது யாருடையது என்று மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. அதுதான் நடைமுறை. ஷெட்டிலேயே ஒவ்வொன்றிலும் ஒரு பிடி வறுத்து ருசி பார்த்தோம். ஒன்றாம் எண், அதாவது ஏசிக்காரர், சிக்கு வாடை. இரண்டாம் எண் கசப்பு. மெஷின் ஓட்டுகிறவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, முன்னால் கார் கழுவுகிறவரிடம் போய் அந்தக் கசப்பைக் கதையாகவே சொல்லிவிட்டு வந்தார். மூன்றாம் எண்ணில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புகழவும் ஒன்றுமில்லை. மகள் முகம் வாடிப்போனது. மறுநாள் பெரிய கடைக்குச் சாம்பிள் கொடுத்தாக வேண்டும். டின்களோடு வீட்டுக்கு வந்ததும், "சரி, இருக்கறதுல இதுதான். அம்மா, மூணாம் நம்பர் டின்ன வறுத்து வெச்சிடு, விடிஞ்சதும் அரைச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் பாட்டிலோடு இருவரும் கடைக்குப் போனோம். அங்கே கொள்முதல் அதிகாரி அம்மாள் சிரிப்பை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வேலைக்கு வருகிறவர். அவர் மேசை முழுக்க அடுத்தவர்களுடைய பிஸ்கட்டும் ஜாமும். ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி குத்தியிருந்தது, ஒன்றுமே தீர்ந்திருக்கவில்லை. நம் பாட்டிலைத் திறந்து குச்சியால் எடுத்து வாயில் வைத்தார். நான் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் விதிமுறைகளை முழுதும் படித்து முடித்தேன். பிறகு அவர் மகளைப் பார்த்து, "இன்னொரு குச்சி குடுங்க" என்றார். இரண்டாவது குச்சிக்குப் பிறகு, "இதே கடலைதான் வரணும். நாளைக்கு வேற கடலைய போட்டீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார். வெளியே வந்ததும் மகள் படிக்கட்டிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். "நேத்து ருசி பாத்தப்ப இப்படி இல்லையேப்பா" என்றாள். உன் கைப்பக்குவம்தான் என்றேன்.

ஆக, இதே கடலை என்றால் கறார் அம்மாளின் கடலை. மறுபடி அவரிடம் போனேன். கம்பீரமாக இருக்கட்டும் என்று என் பழைய காக்கிச் சட்டைகளைத் தேடினேன், ஒன்றைக்கூடக் காணவில்லை. இந்த வீட்டில் எது வைத்த இடத்தில் இருக்கிறது? சாதாரணச் சட்டையோடு போய்த்தான் கெஞ்சினேன். "வளர்ந்து பெரிசா வந்தா சரி" என்று ஒப்பந்தத்தை நீட்டினார். அது இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. நாளைக் காலை கையெழுத்து.

எனவே மைத்துனர் அவர்களே, தாங்கள் மனத்தாங்கல் கொள்ளக் கூடாது. போட்டி நேர்மையாக நடந்தது. தங்கள் மூட்டை அதில் கலந்துகொள்ளவே இல்லை. வைத்த முத்திரை வைத்தபடி பத்திரமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு மூட்டையையும் தங்களுக்கே திருப்பி அனுப்ப லாரி ஆபீஸில் போட்டுவிடுகிறேன். மகள் நன்றாக வந்துவிடுவாள் என்ற நம்பிக்கை எனக்குப் பிறந்துவிட்டது. தங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு என் ஆசி. தங்கள் மனைவிக்கு என் அன்பு. தங்கள் தராசு நேராக நிற்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் மாறாத நடைமுறையுள்ள
அத்தான்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, உன் மூட்டையைப் பரணிலிருந்து இறக்கினேன். இறக்கும்போதே சந்தேகம், பஞ்சு மாதிரி வந்தது. முத்திரை அப்படியே இருக்கிறது. அடித்தையலைப் பிரித்து நீல நூலால் மறுபடி தைத்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் உள்ளே என் காக்கிச் சட்டைகள். உன் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல், "மூணாம் நம்பர் கருகிப்போச்சு. தம்பிகிட்ட போன்ல பேசிட்டே வறுத்தேன், அடுப்ப கவனிக்கல. பொண்ணு பாவம், எழுப்ப மனசு வரல. தம்பி கடலைய வறுத்து வெச்சேன். மிச்சம் அரிசி டப்பாவுல இருக்கு. முத்திரைய நான் தொடலையே" என்கிறாள். மகள் பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எத்தனை நாள் ஆயிற்று அவள் இப்படிச் சிரித்து! கறார் அம்மாளிடம் இனி நான் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை, அவர் லாரியாவது நிம்மதியாக இருக்கட்டும். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். அதே வயல் கடலை இன்னும் இருக்கிறதா? இருந்தால் லேப் ரிப்போர்ட்டோடு உடனே லாரியில் ஏற்று. ஒன்று மட்டும், நடைமுறையை என்னால் விட முடியாது. எனக்கு மூன்று கொட்டேஷன் வேண்டும். மூன்றையும் நீயே எழுதி அனுப்பிவிடு.