பச்சை பாட்டிலும் மோப்பக்காவும்

கொதிக்கிற குழம்பில் மதுவை ஊற்றினால் அது முழுக்க ஆவியாகிவிடுமா, கொஞ்சமாவது மிஞ்சுமா? பன்னிரண்டு கட்டுரைகள் படித்தும் இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். தேனி மாவட்டத்தில் எல்லோரும் மூக்கால் மூச்சு விடுகிறோம். அல்லிநகரத்தில் ஒரே ஒருவர்தான் மூக்கால் ஊரையே படிக்கிறார்.

எங்கள் தெருவில் மசாலா அரைக்கும் மில் வைத்திருக்கும் அவரை நேரில் அக்கா என்போம். முதுகுக்குப் பின்னால் மோப்பக்கா. ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே, "இது போன வருசத்துக் காயி" என்பார். ஜீப்காரர் முறைப்பார், ஆனால் மறுக்க மாட்டார்.

கல்யாணமாகி வந்த புதிதில் நான் மிளகாய் அரைக்கப் போனேன். தூக்குவாளியை நீட்டுவதற்குள் சொன்னார்: "ஏத்தா, நேத்து உங்க வீட்ல கருவாடு. காலையில பாலைத் தீய விட்டுட்ட. மாமியா கேட்டதுக்குப் பூனை மேல பழியைப் போட்டிருப்பியே?" நான் பூனையைத்தான் சொல்லியிருந்தேன்.

மில்லிலேயே மசாலாச் சாமானும் விற்பார். ஆனால் என்ன சமைக்கப் போகிறோம் என்று சொல்லாமல் அவரிடம் ஒரு கிராம்புகூட வாங்க முடியாது. மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்த ஒருவர் எட்டுப் பேர் பிரியாணிக்கு ஐம்பது கிராம் அன்னாசிப்பூ கேட்டார். "விருந்துக்குக் கூப்பிட்டிருக்கியா, மயக்க மருந்து குடுக்கக் கூப்பிட்டிருக்கியா?" என்று மூன்றே மூன்று பூவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

இந்த மூக்கிடம்தான் நான் வசமாக மாட்டினேன்.

என் மகளுக்கு நான்கு வயது. காய்ச்சல் வந்து போனபின் சாப்பாட்டைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டாள். "பசி தானா வரும்மா, பயப்படாதீங்க" என்றார் டாக்டர். பயப்படாமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. பத்து நாளில் அவளுடைய கவுன் தோளில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. அப்போதுதான் என் போனில் ஓடிய சமையல் வீடியோவைக் காட்டி, "எனக்கு அது வேணும்" என்றாள். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி தக்காளி போட்ட மீன் குழம்பில் பச்சை பாட்டிலிலிருந்து எதையோ சர்ரென்று ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தேடிப் பார்த்தேன். சோம்பு வாசனை உள்ள மதுவாம்.

"வேணும்னா ஒரு பாட்டில் வாங்கிட்டு வரட்டா?" என்றார் கணவர். அவர் குரலில் இருந்த உற்சாகம் எனக்குப் பிடிக்கவில்லை.

பிள்ளைக்கு மது கூடாது. பிள்ளை கேட்டதும் தவறக் கூடாது. யோசித்து யோசித்து அலமாரியைத் திறந்தபோது, வயிற்றுவலிக்குக் கொடுக்கும் கிரைப் வாட்டர் பாட்டில் கண்ணில் பட்டது. அதிலும் கிட்டத்தட்ட அந்த வாசனைதானே? அதோடு பிள்ளைகளுக்கென்றே செய்தது. இரண்டு மூடி ஊற்றினேன். மகள் ஒரு வாய் வைத்தாள், துப்பினாள், அழுதாள். கணவர் ஒரு வாய் வைத்தார். அவர் மட்டும் அழவில்லை.

மறுநாள் மில்லைத் தாண்டும்போது மோப்பக்கா மெஷினையே நிறுத்திவிட்டார். "ஏத்தா, நில்லு! மீன் கொழம்புல வயித்துவலி மருந்தையா ஊத்துன?"

தெருவே திரும்பிப் பார்த்தது. நான் அங்கேயே அழுதுவிட்டேன். பச்சை பாட்டில் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மீனை வாங்கி வையி, வாரேன்" என்றார்.

சாயங்காலம் வந்தார். ஒரு கரண்டி சோம்பை வாசனை எழும்வரை வறுத்து நசுக்கினார். அன்னாசிப்பூவில் ஓர் இதழை மட்டும் கிள்ளிப் போட்டார். "அந்தச் சரக்கு இனிக்கும்ல?" என்று சுண்டைக்காயளவு கருப்பட்டி. அரை டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, மூடி, ஆறவைத்து, வடிகட்டினார். அந்த மதுவை வாழ்நாளில் பார்த்திராதவர், அது எப்படி இருக்குமென்று எனக்குச் சொல்லிக்கொண்டே செய்தார். நான் வாயைப் பிளந்து நின்றேன்.

"குழம்புல ஊத்திரட்டுமாக்கா?"

"பொறு. வீடியோவுல வாசனை வருமா?"

"வராதுக்கா."

"அப்ப உம்புள்ள எதைக் கேட்டுச்சு?"

அவர் மடியிலிருந்து, சுத்தமாகக் கழுவிய ஒரு பச்சை பன்னீர் பாட்டிலை எடுத்தார். சோம்புத் தண்ணீரை அதில் நிரப்பி மகள் கையில் கொடுத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டார். "ஊத்துடி என் ராசாத்தி. அந்த வெள்ளைக்காரி மாதிரி ஒசரத்துல இருந்து ஊத்து!"

மகள் சர்ரென்று ஊற்றினாள். பாதி குழம்பில், பாதி அடுப்பில். பிறகு, தானே சமைத்த குழம்பு என்று தட்டை நீட்டினாள். ஒரு கவளம். இன்னொன்று. மூன்றாவதை என் கையிலிருந்து பிடுங்கித் தின்றாள்.

வாழ்க்கை முழுக்க மூக்கையே நம்பிய மனுஷி, அன்றைக்கு ஒரு குழந்தையின் கண்ணை நம்பினார். கிளம்பும்போது மகளின் உச்சந்தலையை முகர்ந்தார். "இத்தன நாளா இது மேல மருந்து வாடைதான் அடிச்சுச்சு. இப்பத்தான் புள்ள வாசம் வருது."

இப்போது என் கவலை வேறு. தயிர்ச்சோறானாலும் இட்லியானாலும் அந்தப் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு ஊற்றாமல் மகள் சாப்பிடுவதில்லை. நாலு வயசுப் பிள்ளை பச்சை பாட்டிலைச் சாய்ப்பதைப் பார்த்து விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தினமும் இவ்வளவு சோம்பு பிள்ளை உடம்புக்கு ஆகுமா? தானாக விட்டுவிடுவாளா? அனுபவமுள்ள தாய்மார்கள் தயவுசெய்து எழுதுங்கள். பாட்டிலை ஒளித்து வை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை நிரப்புகிற சாக்கில்தான் மோப்பக்கா வாரம் தவறாமல் வந்து என் மகளின் தலையை முகர்ந்து பார்க்கிறார். அவர் தலையாட்டிய பிறகுதான் எனக்கு மூச்சே வருகிறது.