அம்பியரும் நூற்றிருபது முட்டையும்

மனிதரை நிறத்தால் அளக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காணியால் அளக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாய்வழிக் குடியால் அளக்கிறவர்கள் எங்கள் செட்டிபாளையத்தில் வேண்டிய மட்டும் உண்டு. ஆனால் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள இந்த நிலத்தில் மனிதரை அம்பியரால், அதாவது கரண்டை அளக்கிற கணக்கால், அளந்தவர் ஒரே ஒருவர்தான். அதனால் அவருக்குப் பெயரே அம்பியர். அவருடைய சொந்தப் பெயர் கலியாண அழைப்பிதழில் இருந்திருக்கும். அதற்குப் பிறகு யாரும் அதைத் தேடவில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படி வாகரையிலிருந்து வந்தவர் அம்பியர். லொறி பற்றறிக்குச் சார்ஜ் போடுவதும் பழுதான டைனமோக்களைக் கழற்றிப் பூட்டுவதும் தொழில். அறுபத்தொரு வயது. ஆள் வேலிக் கம்பு போல இருப்பார். வாய் மட்டும் ஒலிபெருக்கி.

ஒரு கலியாண வீட்டில் மணமக்களை எல்லோரும் வாழ்த்திக்கொண்டிருந்தபோது என் காதுக்குள் வந்து சொன்னார்:

"பொம்புள அஞ்சு அம்பியர், மாப்பிள்ள ரெண்டு. வயர் சூடாகும் மச்சான்."

சாமி தூக்குகிறவர்களையும் விடமாட்டார். "முன்னுக்கு நிக்கிறவர் நாலு காணாது, பின்னுக்கு மாத்துங்க" என்று கும்பிட்ட கையோடு சொல்லுவார். சொன்னபடி முன்னுக்கு நின்றவர் தெருமுனையில் மூச்சு வாங்குவார்.

இனி என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. மூன்றாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்; பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. நாலு கோழியோடு தொடங்கி இரண்டாயிரம் கோழி வரைக்கும் பண்ணையை வளர்த்தேன். பெரிய படிப்புப் படித்த டொக்டர்மார் வந்து என் கோழிகளைப் பார்த்து, "இது என்ன இனம் ஐயா?" என்று கேட்டிருக்கிறார்கள். நாட்டுக்கோழியையும் சீமைக்கோழியையும் சேர்த்து நானே பத்து வருசமாகப் பார்த்துப் பார்த்து உண்டாக்கிய இனம். வெயிலைத் தாங்கும், முட்டையும் போடும்.

பெற்றோல் வரிசையில் நாடே நின்ற அந்த வருசம் கோழித் தீனும் இல்லாமல் போனது. பட்டினி போட்டுச் சாகடிக்க மனம் வராமல் கோழிகளை எல்லாம் விற்றேன். கடைசியில் மிஞ்சியது அந்த இனத்தின் நூற்றிருபது முட்டை. கோழி இல்லை, முட்டை மட்டும். அவற்றைக் குஞ்சு பொரிக்கும் சின்னப் பெட்டியில் அடுக்கிவைத்தேன். இருபத்தொரு நாள் சூடு குறையாமல் இருந்தால் பண்ணை மறுபடி எழும்பும். குறைந்தால் என் இனம் அத்தோடு சரி. நாலு கோழியில் திரும்பத் தொடங்க எனக்குத் துணிச்சல் இருந்தது. அறுபத்தெட்டு வயதில் இன்னொரு பத்து வருசத்துக்கு எங்கே போவது?

முதல் ஐந்து நாளும் கரண்ட் ஒரு மணித்தியாலம் போய் வந்தது. ஆறாம் நாள் காலையில் போனது, பின்னேரம் வரை வரவில்லை. நான் பெட்டியைச் சாக்கால் மூடி, அதற்கு மேல் என் போர்வையையும் போட்டு, பக்கத்தில் குந்தியிருந்தேன். அம்பியர் வந்தார்.

"என்ன மச்சான், பெட்டிக்குக் காய்ச்சலா?"

"பகிடி விடாத. காய்ச்சல் இருந்தா நல்லம் எண்டுதான் பாத்துக்கிட்டு இருக்கன். உள்ளுக்குச் சூடு இறங்குது."

"அடைக்கோழி தேடிப் பாத்தீங்களா?"

"ஊரெல்லாம் தேடினன். ரெண்டு கிடக்கு. அது ரெண்டும் இருபத்தஞ்சு முட்டைக்கு இருக்கும். மிச்சத்துக்கு நீ இருக்கிறியா?"

"நான் இருந்தா முட்ட உடையும். ஜெனரேட்டர்?"

"பெற்றோல் எங்க?"

"பற்றறி?"

"அத நீதான் சொல்லணும்."

அவர் தலையைச் சொறிந்தார். அவருடைய கடையில் இருந்த பற்றறி எல்லாம் கிழடு. சார்ஜ் போட்டால் அரை மணித்தியாலம் நிற்கும். புதிது கொழும்பிலேயே இல்லை. பிறகு திடீரென்று எழும்பினார்.

"சூட்டுக்குக் கார் பல்பு ரெண்டு போதும். பல்புக்கு அம்பியர் வேணும். அம்பியருக்கு ஆள் வேணும். ஊருல ஆளுக்கு என்ன பஞ்சமா மச்சான்?"

அன்றிரவு கரண்ட் வந்து முட்டை தப்பியது; இனித் தினமும் இப்படித்தான் போகும் என்றார்கள். அடுத்த நாள் விடிந்ததிலிருந்து என் வளவு முருங்கை மரத்தடியில் சுத்தியல் சத்தம்தான். உடைந்த தோணிப் பலகையில் தளம் அடித்தார். அதில் ஒரு சைக்கிளை நிறுத்தினார். பின் சில்லின் டயரைக் கழற்றிவிட்டு, அந்த வட்டத்திலிருந்து பழைய லொறியின் டைனமோவுக்கு ஒரு பெல்ற் இழுத்தார். டைனமோவை ஒரு கிழட்டுப் பற்றறியிலும் பெட்டிக்குள் போட்ட இரண்டு பல்பிலும் பூட்டினார். உழவு மெஷினில் கிடந்த அம்பியர் மீற்றரை ஹாண்டிலில் கட்டினார். எல்லாம் முடிகிற நேரம் அவர் மனைவி பூமணி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்ட சைக்கிள் எங்க?"

"அது இப்ப பவர் ஸ்டேசன், பூமணி."

"அப்ப நான் சந்தைக்குப் பவர் ஸ்டேசன்லயா போற?"

"அது போகாது. நிண்ட இடத்துலதான் ஓடும்."

"உங்களப் போலதான்" என்றாள் அவள்.

முட்டை என்னுடையது என்பதால் முதலில் ஏறும் மரியாதை எனக்கு. மிதித்தேன். பல்பு எரிந்தது! முற்றத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கால் நொந்ததும் நிறுத்தினேன். ஆனால் பெடல் நிற்கவில்லை. என் காலையும் இழுத்துக்கொண்டு தன்பாட்டில் சுற்றியது.

"விடாதீங்க மச்சான்! நல்லா மிதிக்கிறீங்க!"

"நான் எங்கடா மிதிக்கிற? அதுதான் என்ன மிதிக்குது!"

விசயம் என்னவென்றால், பலம் வீணாகக்கூடாது என்று மனுசன் பின் சில்லு வெறுமனே சுற்ற முடியாதபடி ஒட்டுப் போட்டுவிட்டார். பற்றறியில் இருந்த கரண்ட் திரும்பி வந்து டைனமோவைச் சுற்ற, டைனமோ சில்லைச் சுற்ற, சில்லு என்னைச் சுற்றியது. இடுப்பில் கட்டியிருந்த சாரம் செயினில் மாட்டிக்கொண்டது. எந்த நிலையில் இறங்கினேன் என்பதை இந்தப் பத்திரிகையில் எழுத ஏலாது. அன்று பின்னேரமே கரண்ட் திரும்பி ஓடாமல் தடுக்கிற சின்னச் சாமான் ஒன்றைப் பூட்டினார். மறுபடி மிதித்தேன். அம்பியர் குனிந்து மீற்றரைப் பார்த்தார்.

"ஒண்டரை."

"நல்லாப் பாரு."

"மச்சான், இந்த முள்ளுக்கு உங்கட பண்ணையும் தெரியாது, பேரும் தெரியாது. ஒண்டரை. முட்டைக்கு நாலு வேணும்."

இரண்டாயிரம் கோழி வளர்த்த கால் இது. நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஆனால் செய்தி பரவிவிட்டது. தங்கள் அம்பியர் என்ன என்று பார்க்க ஊரே வந்தது. வலை வீசுகிறவர் ஒருவர் ஆறு காட்டிவிட்டு ஒரு கிழமை நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். புடவை விற்க வரும் காத்தான்குடி முஸ்லிம் காக்கா மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஏறினார். நாலரை.

"வெறும் தேத்தண்ணி குடிச்ச காலுக்கே நாலரை! நான் புரியாணி திண்டுட்டு வந்தா உங்கட பல்பு வெடிச்சிரும் காணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அவரிடம் புடவை வாங்கியவர்கள் அதிகம்.

கூட்டம் வந்தால் ஒரேயடியாக வரும், வராவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். முட்டைக்கு அது சரிவராது. கோயில் பொறுப்பைப் பார்க்கிற வண்ணக்கர் ஒரு வழி சொன்னார்.

"திருவிழாவக் குடிக்கு ஒரு நாளாப் பிரிச்சித்தானே செய்யிறம். இதையும் அப்படியே பிரிப்பம்."

எங்கள் கோயிலில் பங்குள்ள குடி ஆறு. பெயர்களைச் சொல்லமாட்டேன், சொன்ன வரிசை பிழை என்று நாளைக்கே வழக்கு வரும். குஞ்சு பொரிக்கப் பதின்மூன்று நாள் கிடந்தது. ஆறு குடிக்கு இரண்டிரண்டு நாள், பன்னிரண்டு. மிச்சம் ஒரு நாள். அது பொரிக்கிற நாள்.

"அதப் பிறகு பாப்பம்" என்றார் வண்ணக்கர். எங்கள் ஊரின் எல்லா வழக்கும் இந்தச் சொல்லில்தான் பிறந்தவை.

அம்பியருக்கு நாள் இல்லை. எங்களிடம் குடி தாய் வழியில் வரும். பூமணிக்குப் பங்கு உண்டு, அவள் பெற்ற பிள்ளைகளுக்கு உண்டு. வாகரைத் தாய்க்குப் பிறந்த அம்பியருக்கு இங்கே தேர்க் கயிறு பிடிக்கவும் உரிமை இல்லை. "நான் முள்ளப் பாக்குறன், அதுவே பெரிய வேல" என்று சிரித்தார்.

அந்தப் பன்னிரண்டு நாளும் என் வளவு கோயில் வீதிதான். முதல் குடி வேப்பிலை கட்டி ஏறியது. அடுத்த குடி சைக்கிளுக்குத் தோரணம் கட்டியது. மூன்றாம் குடி மேளத்தோடு வந்தது. பெண்கள் குரவை போட்டார்கள். குரவைக்கு முள் ஓர் அம்பியர் கூடுவதை நானே கண்ணால் கண்டேன். அம்பியர் தென்னை ஈர்க்கிலோடு பக்கத்தில் இருந்து அதட்டுவார்.

"மேளத்துக்கு மிதிக்காதீங்க மனே, முட்டைக்கு மிதிங்க! சீரா, சீரா!"

சைக்கிளுக்கு ஒருவர் கற்பூரம் காட்டப் போய், பெல்ற்றில் பொறி விழப் பார்த்தது. அதற்குப் பிறகு கற்பூரம் வாசல் படலைக்கு வெளியே என்று சட்டம் போட்டோம்.

இருபத்தோராம் நாள் வந்தது. காலை எட்டு மணிக்குக் கரண்ட் போனது. பெட்டிக்குள் நாலைந்து முட்டையில் கீறல் விழுந்திருந்தது. முற்றத்தில் ஆறு குடியும் நின்றன.

"கோயில்ல கடைசித் திருவிழா எங்கட குடிக்குத்தான். இதுவும் எங்களுக்குத்தான்" என்றார் வண்ணக்கர்.

"முட்ட என்ட. வளவு என்ட. நான் எந்தக் குடி எண்டு எல்லாருக்கும் தெரியும்" என்றேன் நான்.

"அப்ப ஊர்ப் பொதுவா வைங்க" என்றது மூன்றாம் குடி.

"பொதுவில ஆரு முதல்ல ஏறுற?" என்றது நாலாம் குடி.

பற்றறி அரை மணித்தியாலத்தில் செத்தது. சைக்கிள் வெறுமனே நின்றது. யாரையும் ஏற விடவில்லை. இன்றைக்கு ஏறுகிறவனுடைய குடிக்கு அடுத்த முறையும் உரிமை போய்விடுமாம். அடுத்த முறை என்றால் எது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெட்டிக்குள் என் பத்து வருசம் குளிர்ந்துகொண்டிருந்தது. வெளியே நான் கையை நீட்டிப் பூட்டன் காலத்து வழக்கைப் பேசிக்கொண்டு நின்றேன். மனிதனுக்குப் பைத்தியம் பிடிக்கும்போது அவனுக்கு அது தெரியாது.

"ஐயோ, சூடு இறங்குது! கீறின குஞ்சு அசையுதில்ல!" என்று பூமணி கத்தினாள்.

அம்பியர் ஈர்க்கிலைக் கீழே போட்டார். சாரத்தை மடித்துக் கட்டினார்.

"தள்ளுங்க."

"தம்பி, உங்களுக்கு இஞ்ச உரிம இல்லயே" என்றார் வண்ணக்கர்.

"ஓம். அதுக்காகத்தான் ஏறுறன். நான் மிதிச்சா அது எந்தக் குடிக்கும் போகாது. நீங்க ஆறுதலா வழக்கப் பேசுங்க."

முற்றம் ஒரு கணம் யோசித்தது. சட்டப்படி சரியாகத்தான் இருந்தது! எல்லோருக்கும் திருப்தி. அவர் மிதிக்கத் தொடங்க, நாங்கள் விட்ட இடத்திலிருந்து வழக்கைத் தொடங்கினோம். சத்தியமாகச் சொல்கிறேன், இன்னும் கால் மணித்தியாலம் பேசினோம்.

பிறகு பெட்டிக்குள் "கீச்" என்று ஒரு சத்தம்.

எல்லா வாயும் மூடிக்கொண்டது. இன்னொரு கீச். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். வேலிக் கம்பு போன்ற அந்த உடம்பு முழுக்க வேர்வை. முள் நாலில் ஆணி அடித்தது போல நின்றது. பதின்மூன்று நாள் ஆட்டத்தில் சைக்கிளின் தாங்குகால் மணலில் புதைந்து, மெஷின் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை. ஓடிப்போய்ச் சீற்றுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்தேன்.

"இறங்கு. நான் ஏறுறன்."

"உங்கட ஒண்டரைக்குக் குஞ்சு திரும்பி முட்டைக்குள்ள போயிரும் மச்சான். பிடிச்சிக்கிட்டு நில்லுங்க."

"அப்ப வேற ஆரையாவது ஏத்துவம்!"

"ஏலா. நான் இறங்கினா ஆர் ஏறுற எண்டு மறுபடி கூட்டம் வைப்பீங்க."

பூமணி இளநீரை வாயில் பிடித்தாள். வண்ணக்கர் திருவிழாவுக்கு மட்டும் எடுக்கிற சரிகைச் சால்வையைத் தோளிலிருந்து உருவி, அம்பியரின் முகத்தைத் துடைத்துவிட்டு, அதாலேயே விசிறத் தொடங்கினார். அவருக்குக் கை நொந்ததும் நாலாம் குடி வாங்கி விசிறியது. குடி வரிசையை யாரும் பார்க்கவில்லை.

உச்சி வெயிலுக்குக் கரண்ட் வந்தது. அதற்குள் தொண்ணூற்றுமூன்று குஞ்சு. அம்பியரைத் தூக்கித்தான் இறக்கினோம்; கால் இரண்டும் காற்றில் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தன. பாயில் கிடத்தியதும் கேட்டார்:

"பெல்ற் சூடா கிடக்கா பாருங்க."

"குஞ்சப் பாரடா!"

"குஞ்சு உங்கட. பெல்ற் என்ட."

பண்ணை இப்போது பழையதைவிடப் பெரிது. என் மூன்று மகள்மாருக்கும் மூன்று வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். பெருமையாகச் சொல்ல என்னிடம் நிறைய உண்டு. நான் சொல்லாமல் விடுகிற ஆளும் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால், கதிரையில் இருத்தி, தேத்தண்ணி வருவதற்கு முன்னமே இதைத்தான் முதலில் சொல்லுகிறேன்: அன்றைக்கு அம்பியர் மிதிக்கும்போது, சீற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.