தலைகீழ் சைக்கிளும் என் முதல் கட்சிக்காரரும்

முப்பது வருஷம் வரிச் சட்டத்தோடு மல்லுக்கட்டியவன் நான். பாதிக் காலம் அரசாங்கத்துக்காக ஜனங்களிடம் வாதாடினேன். மீதிக் காலம் ஜனங்களுக்காக அரசாங்கத்திடம். ‘இரண்டு பக்கமும் பார்த்தவர்’ என்று மேடையில் மாலை போடுவார்கள். அவர்கள் என் முதல் வழக்கைப் பார்த்ததில்லை. நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஜப்பான்காரன் காலம். கோலாலம்பூரில் ஒரு லைசென்ஸ் ஆபீசில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. வயது இருபத்திரண்டு. (திமிருக்கு மட்டும் நாற்பது.) சைக்கிள் வரி என் பொறுப்பு. மேரு என்ற ஊரில் ஒருவர் சைக்கிளை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஓட்டாத சைக்கிளுக்கு எதற்கு வரி என்று கேட்டுவிட்டார். விடுவேனா? இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன்: நின்றாலும், தொங்கினாலும், தலைகீழாகக் கிடந்தாலும், டயரே இல்லாவிட்டாலும் சைக்கிள் சைக்கிளே. ஆபீஸ் ஊழியர்களுக்கு மட்டும், வேலையில் இருக்கும்வரை, விலக்கு. தலைமைக் கிராணி சிவக்கொழுந்து அதைப் படித்து ஒருமுறை தலையாட்டினார். அவ்வளவுதான். இத்தனை மூளை உள்ளவன் இங்கே எதற்கு மாரடிக்க வேண்டும் என்று மூன்றே மாதத்தில் வேலையை விட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு கடை முன்னால், ஜனங்கள் நடக்கும் அஞ்சடித் தாழ்வாரத்தில் மேசை போட்டு, மனு எழுத உட்கார்ந்தேன். முதலில் வந்தவர் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை சீனி நானா. அரிசி கண்ணில் படாத நாட்கள். அவர் கடையில் மரவள்ளி அப்பம்தான். பழைய சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பின்சக்கரத்தில் துளையிட்ட தகரத்தைச் சுற்றி, பெடலைக் கையால் சுழற்றிக் கிழங்கு துருவுவார். வரி கட்டாத சைக்கிள் என்று ஆபீஸ் ஆட்கள் அதைத் தூக்கிப் போய்விட்டார்கள். துருவல் இல்லையென்றால் அப்பம் இல்லை. அப்பம் இல்லையென்றால் அவருடைய நான்கு பிள்ளைகளும் பட்டினி.

“நான் ஏறி எங்கயும் போகலையே லா, தம்பி” என்றார் பாவம்.

கவலையே வேண்டாம், அது சைக்கிளே இல்லை, துருவி என்று நிரூபிக்கிறேன் என்றேன். எனக்குக் கூலி தினம் இரண்டு அப்பம். (நீ எழுதின விதி உனக்கு மறந்துபோச்சா என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. ஆனால் ஆபீசில் எழுதி வைப்பதை யாரும் திரும்ப எடுத்துப் படிப்பதில்லை என்பதுதான் அங்கே நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம். அதை நம்பித் தொலைத்தேன்.)

நானாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு என் சைக்கிளிலேயே போனேன். உள்ளே ஜப்பானிய அதிகாரிக்கு இடுப்பு ஒடியக் குனிந்துவிட்டு, சிவக்கொழுந்து முன் நின்று கால் மணி நேரம் பொளந்து கட்டினேன். நகராத பொருள் எப்படி வாகனமாகும்? தலைகீழாகக் கிடப்பதில் எவன் சவாரி செய்வான்? நானா என்னைப் பெருமையோடு பார்த்தார்.

சிவக்கொழுந்து எழுந்து போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார். ‘தலைகீழாகக் கிடந்தாலும்’ என்ற இடத்தில் விரலை வைத்தார்.

“இது யாரு கையெழுத்து?”

என்னுடையது. அடியில் இரண்டு கோடு வேறு இழுத்திருந்தேன், தடிமாடு.

“நல்லாத்தான் எழுதியிருக்கே” என்றவர், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். “வாசல்ல நிக்கிற சைக்கிள் யாரோடது? நீ இப்ப இங்க வேலையில இல்லையே.”

அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு பேரும் நடந்தே திரும்பினோம். நானா திட்டியிருந்தால்கூடத் தேவலாம். கடைக்கு வந்ததும் ஒரு கூடை கிழங்கையும் கைத்துருவியையும் என் முன்னால் வைத்தார். “பிள்ளைங்க சாப்பிடணும், தம்பி” என்றார். வரியைக் கட்டி அவர் தன் சைக்கிளை மீட்கும்வரை, ஒரு மாதம் முழுக்க, நான் துருவினேன். கடை மூடவில்லை. என் விரல் முட்டிகளில் தழும்பு இன்னும் இருக்கிறது.

கதையைக் கல்யாணமான புதிதில் மனைவியிடம் உளறிவிட்டேன். இன்றுவரை அனுபவிக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் யாரும் முறுக்கு டின்னைத் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டவன் நான்தான். போன வாரம் டின்னும் கையுமாக அகப்பட்டேன். இது முறுக்கே இல்லை, உடைந்த துண்டு என்று ஆரம்பித்தேன்.

“இந்தச் சட்டம் யாரு கையெழுத்து?” என்றாள்.

டின்னை மூடி வைத்தேன்.