ஐந்து நாற்பத்தொன்றுக்கு வரவேண்டிய வெயில்

கேளுங்கள், நாள்தோறும் வெயிலில் நடந்தும் வெயிலை அறியாத உலகத்தீரே! நான்கு செயலிகளின் தலைவனும், இரண்டு லென்ஸ்களின் உடைமையாளனும், ஒரு முக்காலியின் உற்ற தோழனும், இதுவரை ஒரு பூனையைக்கூடத் தெளிவாகப் படம்பிடித்திராதவனுமாகிய மாவீரன் ஒருவன், நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், ஒரு புதன்கிழமை மாலையில், சூரியனோடு பொருத பெரும்போரைச் சொல்லப் புகுகிறேன். சொல்லின் தெய்வமே, என் நாவில் வந்து அமர்க. கைவேலை ஏதும் இருந்தால் அதை முடித்துவிட்டே வருக, நம் வீரன் காத்திருப்பதில் வல்லவன்.

பிரிண்டர்களைப் பழுதுபார்ப்பது அவன் தொழில். ஒளியைப் பழுதுபார்ப்பது அவன் தவம். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்தக் குழந்தையைக் கொஞ்சக் கொடுத்தாலும், முதலில் வானத்தை அண்ணாந்து பார்த்து 'வெளிச்சம் சரியில்லை' என்று தீர்ப்பு வழங்கியதால், கட்டடத்தார் அவனுக்கு 'வெளிச்சம்' என்றே பட்டம் சூட்டியிருந்தனர். அதை அவன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். பெருவீரர்கள் அப்படித்தான்.

அரசர்க்கு நால்வகைப் படை என்பர். இவனுக்கு நால்வகைச் செயலி. கதிரவன் எத்தனை பாகையில் எழுந்து எத்தனை பாகையில் விழுவான் என்று மஞ்சள் கோடு கிழித்துக் காட்டுவது ஒன்று. வானத்தில் மேகம் நூற்றுக்கு எவ்வளவு என்று, வானமே அறியாத துல்லியத்தில் எண்ணிச் சொல்வது ஒன்று. நின்றவன் நிழல் எத்தனை அடி நீளும் என்று அளப்பது இன்னொன்று. இவை மூன்றையும் கேட்டு ஆராய்ந்து, படத்துக்கு உகந்த மாலைப் பொன்வெயிலாகிய பொற்பொழுது பிறக்கும் நிமிடத்தை மணியடித்து அறிவிப்பது நான்காவது. தளபதி, ஒற்றன், அளவையாளன், முரசறைவோன் என நால்வரும் அவன் உள்ளங்கையில் குடியிருந்ததால், கண் என்ற ஐந்தாமவனை அவன் வேலையிலிருந்து நீக்கியே பல மாதங்களாயின.

இனி, இந்தப் போர் மூண்ட காரணம். வீரனுக்கு ஒரு தங்கை. மரப்பட்டறை ஒன்றில் மூன்றாண்டுகளாக இழைப்புளி தள்ளியவள். மற்றவர்கள் வீட்டுக்குப் போனபின் கிடைத்த துண்டுமரங்களைச் சேர்த்து, ஏழு மாதம் உழைத்து, ஓர் ஆணிகூட அறையாமல், ஒரு கட்டையின் நாக்கை மறுகட்டையின் பள்ளத்தில் கோத்தே ஒரு நாற்காலி செய்திருந்தாள். தூரத்து நகரில் ஒரு தச்சுப் பள்ளி. ஆண்டுக்குப் பன்னிரண்டு பேருக்கே இடம். தன் கையால் செய்த பொருளொன்றை, வீட்டுக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரே ஒரு படமாக அனுப்பவேண்டும். பொருத்துகள் தெளிவாகத் தெரியவேண்டும். கடைசி நாள் அந்தப் புதன்கிழமை, மாலை ஆறு மணி. நாற்காலிக்குப் பூசிய எண்ணெய் முந்தைய இரவுதான் காய்ந்தது. அவளுடைய ஃபோனின் கேமராக் கண்ணாடியோ பட்டறையில் பலகை விழுந்து நொறுங்கியிருந்தது. ஆகவே, வேறு வழியறியாது, அண்ணனிடம் கேட்டுவிட்டாள்.

அவன் விடுப்பு எடுத்தான். காலை எட்டு மணிக்கு நாற்காலி மாடியேறியபோது வெயில் பாலாடைபோல இளஞ்சூட்டில் பரந்து கிடந்தது. நாற்காலியின் முதுகில் ஒவ்வொரு ரேகையும் பேசியது. வீரனோ கைபேசியை நோக்கி, மேகம் நூற்றுக்கு அறுபத்திரண்டு என்று ஒற்றன் உரைப்பதால் இது நம்பத்தகுந்த வெயில் அன்று என விலக்கினான். தலைக்கு மேல் ஒரு மேகமும் இல்லை என்று தங்கை சுட்டியதை, பாமரர் சொல் என்று பொறுத்தருளினான். நண்பகல் வெயிலைக் காட்டுமிராண்டி என்றான். மூன்று மணி வெயிலுக்கு அவன் பெயர்கூட வைக்கவில்லை. வெறுமனே மூக்கைச் சுளித்தான். ஐந்து நாற்பத்தொன்று! அதுவே முகூர்த்தம் என்று முரசறைவோன் குறித்துவிட்டான். அந்நிமிடத்தில் இருநூற்று அறுபத்துமூன்றாம் பாகையிலிருந்து வரும் கதிர், நாற்காலியின் இரு கைகளுக்கும் நடுவே நுழைந்து முதுகைத் தழுவும். அதற்கான இடத்தை அளந்து, தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறியும் போட்டு, நாற்காலியை அதன்மேல் நிறுத்தி, அக்கதிர் வரும்வரை யாரும் தொடலாகாது என்று ஆணையிட்டு, குடை பிடித்து அமர்ந்தான். வெயிலுக்காகத் தவமிருப்பவன் வெயிலுக்கு அஞ்சிக் குடை பிடித்த அக்காட்சியைக் காகங்கள் கண்டு வியந்தன.

ஐந்தரை ஆயிற்று. இரண்டாம் மாடி நர்ஸ் அக்கா, ஏழு மணி டியூட்டிக்குமுன் துணிகளை எடுக்க மேலே வந்தார். அப்போதுதான், மேற்கே, அடுத்த கட்டடத்தின் உச்சியிலிருந்து பகைவன் கிளம்பினான். இருள்நிற மேனியன், பெருவயிற்றன், நான்கு தூண்கால்களில் ஊன்றி நின்ற அசைவிலி, பத்தாயிரம் லிட்டர் பருகியும் தாகம் தீராதவன், தண்ணீர்த் தொட்டி என்னும் பெயருடையோன்! அவனுடைய நிழற்சேனை கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்து, துணிக்கொடிகளின் கீழ் ஊர்ந்து, எதிர்ப்பார் ஒருவருமின்றி முன்னேறி, ஐந்து முப்பத்தாறுக்குப் பெருக்கல் குறியையும் நாற்காலியையும் ஒருசேர விழுங்கிற்று. அந்தக் கட்டடம் உயர உயர, அதன் துளையிடும் இயந்திரம் ஓராண்டாக நாள்தோறும் தன் தூக்கத்தைக் கெடுத்ததாகக் குறைசொல்லித் திரிந்த நம் வீரன், அங்கே உண்மையில் என்ன முளைக்கிறது என்று ஒருமுறையும் திரும்பிப் பார்த்ததில்லை. அவனுடைய செயலிகளின் வானத்தில் கட்டடங்களே கிடையாது. அங்கே சூரியன் வெட்டவெளியில் விழும்.

ஐந்து நாற்பத்தொன்றுக்கு முரசு ஒலித்தது. பொற்பொழுது பிறந்துவிட்டதென்று திரை மின்னிற்று. வீரன் தலையுயர்த்தி நாற்காலியை நோக்க, அது சாம்பல் நிழலில் அமைதியாக நின்றது. அவன் கைபேசியைத் தட்டினான், அணைத்து உயிர்ப்பித்தான், மேற்கே நீட்டி, அடிவானோடு ஒப்பிட்டான். திரையில் மஞ்சள் கோடு தொட்டியின் வயிற்றை ஊடுருவிக்கொண்டு கூச்சமில்லாமல் சென்றது.

"தம்பி, அந்த டேங்க் வந்து மூணு மாசமாச்சு," என்றார் நர்ஸ் அக்கா, கிளிப்புகளைக் கழற்றியபடி. "என் துணியே அஞ்சரைக்கு மேல காயறதில்ல. நான் எந்த ஆப்பும் வச்சுக்கல."

தங்கை மணியைப் பார்த்தாள். "அண்ணா, அம்பதாகப் போகுது. அந்தக் கிழக்கு மூலையில இன்னும் வெயில் இருக்கு. அங்க வச்சு எடுத்துரலாம்."

"இடம் மாறினா கணக்கு மொத்தமும் போச்சு. வரும். ஆப் பொய் சொல்லாது."

"டேங்க் ஆப்ல இருக்கா?"

"அது ஒரு தற்காலிகத் தடை."

இதைச் சொல்லி, கேமராவை முக்காலியோடு பெருக்கல் குறிக்கு நேரே காவல் வைத்துவிட்டு, வீரன் மேற்குக் கைப்பிடிச் சுவரை அடைந்தான். ஒரு காலைச் சுவரிலும் மறுகாலைக் குழாயிலும் ஊன்றி, கைபேசியை வானுக்கெதிரே கேடயம்போல் ஏந்தி, தொட்டி எத்தனை பாகை உயரம், கதிரவன் எத்தனை நிமிடத்தில் அதன் வயிற்றைக் கடப்பான், கால்களின் இடைவெளியில் எப்போது தலைகாட்டுவான் என்று கணக்கிடலானான். மூன்று மாதத்துக்குமுன் செய்திருக்கவேண்டிய கணக்கு. செய்ய இரண்டு நிமிடம் போதும். அதை அவன் பகைவன் முன்னிலையில், முதுகு முழுவதையும் உலகுக்குக் காட்டியபடி, நால்வகைப் படையையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏவி, இருபது நிமிடம் செய்தான். உதடுகள் பாகைகளை முணுமுணுத்தன. புருவத்து வியர்வை திரையில் விழுந்து, ஒற்றனைத் திறக்கப்போய் அளவையாளனைத் திறந்தது.

அவன் முதுகுக்குப் பின்னே நடந்ததைச் சொல்ல அலங்காரம் எதுவும் தேவையில்லை.

தங்கை நர்ஸ் அக்காவிடம் ஃபோன் கேட்டாள். "எடும்மா. கைக்கு க்ரீம் போட்டிருந்தேன், கண்ணாடிய மட்டும் தொடச்சிக்க," என்று அவர் கொடுத்தார். அவள் துப்பட்டா நுனியால் துடைத்தாள். நாற்காலியை மாடிப்படி அறையின் வெள்ளைச் சுவரோரம் தள்ளி வைத்து, முதுகு சற்றே திரும்பியிருக்குமாறு நிறுத்தினாள். அங்கே வெயில் இல்லை, பளிச்சிடலும் இல்லை. நிழலின் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பட்டது. நாக்கு பள்ளத்தில் போய் உட்கார்ந்த இடமெல்லாம் மயிரிழைக் கோடாகத் தெரிந்தது. மண்டியிட்டு நான்கு படம் எடுத்தாள், மூன்றாவதைத் தேர்ந்தாள். அந்த ஃபோனிலேயே பள்ளியின் விண்ணப்பத்தைத் திறந்து, படத்தை இணைத்து அனுப்பினாள். சக்கரம் ஒன்று சுழன்றுகொண்டே இருந்தது. நர்ஸ் அக்கா துணிமூட்டையை இடுப்பில் இடுக்கியபடி, மூச்சுவிடாமல் அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். ஐந்து ஐம்பத்தெட்டுக்குப் 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்தது.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லலயா?" என்றார் அக்கா.

தங்கை சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்த முதுகை ஒருகணம் பார்த்தாள். "அவரு வேலையா இருக்காரு," என்றாள்.

ஆ, காலமே! ஆறு ஒன்பதுக்கு, தொட்டியின் பெருவயிற்றுக்குக் கீழே, அதன் நான்கு தூண்களுக்கு நடுவே, சிறைமீண்ட மன்னன்போல் செஞ்சுடர்ச் செல்வன் வெளிப்பட்டான். உருக்கி வார்த்த பொன்னாறு ஒன்று கைப்பிடிச் சுவரைக் கடந்து, கொடிகளை நனைத்து, தரையில் பெருகி ஓடி, இருபத்தெட்டு நிமிடமே தாமதித்து, இடம் அணுவும் பிசகாமல், சாக்பீஸ் குறியின் நட்டநடுவே வந்து நின்றது. வீரன் சுவரிலிருந்து பாய்ந்தான். 'நான் சொல்லல?' என்று எட்டுத் திசையும் எதிரொலிக்க முழங்கினான். நிழல் தோற்றது, தொட்டி தோற்றது, நம்பாதார் அனைவரும் நாணித் தலைகுனிக என்று நெஞ்சு விம்ம, ஓடிச்சென்று முக்காலியின்முன் மண்டியிட்டு, ஒருநாள் தவத்தின் பயனை ஒற்றைக் கண்ணால் பருக, கேமராவில் முகம் புதைத்தான்.

நாற்காலி கீழே போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.