யாரும் எடுக்காத மாம்பழம்

அன்று காலையும் மாமரத்தடியில் ஒரு கூடைப் பழம் கிடந்தது. எடுக்கத்தான் ஆளில்லை. கிருபாசங்கர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

பீளமேட்டில் ஒரு மில் முதலாளி நூறு வருஷத்துக்கு முன்னால் போட்ட தோட்டம் அது. இப்போது பொதுப் பூங்கா. மரங்களைக் கவனிக்கும் அக்கம்பக்கத்தார் குழுவுக்கு அவர்தான் செயலாளர். போன வருஷம் இந்த மாமரம் ஒரு பிஞ்சுகூட விடவில்லை. வெட்டிவிட்டு நடைபாதை போடலாம் என்று பூங்கா அதிகாரி ஜெயக்கொடி சொன்னதும், கிருபாசங்கர் எல்லார் முன்னாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். மனமிரங்கி அந்த அம்மாள் ஒரு வருஷம் தவணை கொடுத்தார்.

இந்த வருஷம் மருதமலை முருகன் கண் திறந்துவிட்டான். உச்சியை அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் சுளுக்கும். ஆனால் விடிந்தால் கீழே பழம் கிடக்கும். செந்தூரா, மல்கோவா, கிளிமூக்கு என்று ஒரே மரத்தில் மூன்று ரகம். அந்தக் காலத்து ஒட்டுக்கட்டு என்று பெருமைப்பட்டார். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் ஒன்றிலும் அடியில்லை. ஆண்டவனே கையில் ஏந்தி இறக்கிவைக்கிறான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆனால் பூங்காவில் ஒரு விதி இருந்தது. பழத்தை அக்கம்பக்கத்தார் எடுத்துப்போக வேண்டும். கிடந்து அழுகினால் மரம் குத்தகைக்காரர் கைக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார்.

"இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பலகை வைத்தார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் படித்தார்கள், அவர் முகத்தைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். மறுநாள் இரண்டு கூடை.

அடுத்த தெரு டேவிட்சனை வழிமறித்தார்.

"ஏனுங்க, ரெண்டு கொண்டு போங்க."

"ஐயோ, நமக்கெதுக்குங்க? நீங்க ஏன் இப்பிடி வாடிப் போயிட்டீங்க?"

"இந்தப் பழத்த நெனச்சாச் சோறு எறங்கலீங்க."

டேவிட்சன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிப் போனார். மறுநாள் நான்கு கூடை.

இந்த ஊர்க்காரர்களின் மரியாதையே மரத்துக்கு எமனாகிவிடும் போலிருந்தது. புதன்கிழமை பை பையாகக் கட்டி, வீட்டு வாசல்தோறும் வைத்து, மணியை அடித்துவிட்டு ஓடி வந்தார். வியாழக்கிழமை பைகள் அத்தனையும் மரத்தடிக்கே திரும்பியிருந்தன. பக்கத்தில் புதிதாக ஆறு கூடை. காய்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்று முருகனிடம் வேண்டிய முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

வெள்ளிக்கிழமை ஜெயக்கொடி வந்து குவியலைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

கிருபாசங்கர் சுற்றிக் கூடியிருந்த அக்கம்பக்கத்தாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆளுக்கு நாலு எடுத்துக்குங்க. இல்லீன்னா மரம் நம்ம கைய உட்டுப் போயிருமுங்க."

அதைக் கேட்டதும் கூட்டம் பாய்ந்தது. ஐந்தே நிமிஷத்தில் இடம் துடைத்தாற்போல் ஆகிவிட்டது. பழம் வீணாகவில்லை, நன்றாகக் காய்க்கும் மரம், வெட்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதிகாரி கிளம்பினார்.

கிருபாசங்கருக்கு உயிர் வந்தது. சருகு கூட்டிக்கொண்டிருந்த ராசாத்தாளிடம், இத்தனை நாளாக ஏன் ஒருவரும் ஒன்றைக்கூடத் தொடவில்லை என்று கேட்டார்.

"வெச்சவிங்களே எப்படீங்க எடுக்கறது? மரம் இந்த வருசமும் ஒரு பிஞ்சு உடலை, நீங்க மறுக்கா அழுவீங்கன்னு ஆளாளுக்கு வாங்கியாந்து வெச்சம். அப்பவும் உங்க மூஞ்சி தெளியலையா, பத்தலையாட்டமிருக்குதுன்னு கூடை கூடையாச் சேத்துனமுங்க."